அந்தப் பொண்ணுக்கு என்ன கிடைச்சது?

2021 நவம்பரில் இந்த வலைப்பதிவில் ஒரு குறிப்பு எழுதியிருந்தேன். மும்பை உயர் நீதிமன்றத்தின் நாக்பூர் கிளை ஒரு போக்சோ வழக்கில் சொன்ன 'தோலோடு தோல்' விளக்கத்தை உச்ச நீதிமன்றம் தூக்கி எறிந்த வாரம் அது. இப்போது திரும்பப் படித்தால் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது. "தப்பைக் கண்டுபிடிச்சாச்சு, திருத்தியாச்சு, மேல்முறையீடு இருக்கிறதே இதுக்குத்தான்" என்கிற தோரணையில் எழுதியிருக்கிறேன். இருபது வருஷமா மென்பொருள் எழுதிப் பிழைக்கிறவனுக்குப் பார்க்கிறதெல்லாம் 'பக்'காகத்தானே தெரியும்.

அந்தக் குறிப்புக்குக் கீழே ஒரு வாசகர் ஒரே ஒரு வரி போட்டிருந்தார்: "எல்லாம் சரி சார், அந்தப் பொண்ணுக்கு என்ன கிடைச்சது?"

"தீர்ப்பை முழுசாப் படிச்சிட்டு சொல்றேன்" என்று பதில் போட்டேன். போட்டதோடு சரி, மறந்துட்டேன். போன மாதம் பழைய பதிவுகளை ஒழுங்குபடுத்தும்போது அந்த வரி கண்ணில் பட்டது. இந்தக் கட்டுரை அவருக்கு நான் தர வேண்டிய பதில், வருஷக்கணக்கில் தாமதமாக. நான் வக்கீல் இல்லை. சட்டத்தையும் தீர்ப்புகளையும் உட்கார்ந்து படித்த ஒரு பி.இ. அவ்வளவுதான்.

நாக்பூர் வழக்கு

சம்பவம் நடந்தது 2016 டிசம்பர் 14. சிறுமிக்கு 12 வயது. கொய்யாப்பழம் தருகிறேன் என்று சொல்லி அந்த ஆள் அவளைத் தன் வீட்டுக்குக் கூட்டிப் போயிருக்கிறார். உடைக்கு மேலாகத் தகாத முறையில் தொட்டிருக்கிறார், உடையைக் களையவும் முயன்றிருக்கிறார். மகளைத் தேடிக்கொண்டு வந்த அம்மா, வெளியே தாழ்ப்பாள் போட்டிருந்த அறையில் அழுதுகொண்டிருந்த அவளைக் கண்டுபிடித்தார். அன்றைக்கே புகார் கொடுத்தார்.

2020 பிப்ரவரி 5-ல் சிறப்பு நீதிமன்றம் தண்டித்தது. போக்சோ பிரிவு 8-ன்படி மூன்று வருஷக் கடுங்காவல். அந்தப் பிரிவுக்குக் குறைந்தபட்ச தண்டனையே அதுதான், அதிகபட்சம் ஐந்து.

குற்றம் சாட்டப்பட்டவர் மேல்முறையீடு செய்தார். 2021 ஜனவரி 19-ல் உயர் நீதிமன்றம் போக்சோ தண்டனையை ரத்து செய்தது. தொட்டதை நீதிமன்றம் மறுக்கவில்லை. உடைக்கு மேலாகத் தொட்டதால் 'நேரடி உடல் தொடர்பு' இல்லை, ஆகவே இது பிரிவு 7 சொல்லும் பாலியல் தாக்குதல் ஆகாது என்றது. இந்திய தண்டனைச் சட்டம் 354-ன் கீழ் ஒரு வருஷம் போதும் என்று குறைத்தது.

இந்த இடத்தில் நீதிபதிக்கும் நியாயமாக ஒன்று சொல்ல வேண்டும். தண்டனை கடுமையாக இருந்தால் சட்டத்தின் சொற்களை இறுக்கிப் படிக்க வேண்டும், சந்தேகத்தின் பலன் குற்றம் சாட்டப்பட்டவருக்குப் போக வேண்டும் என்பது பழைய கொள்கை. நல்ல கொள்கையும்கூட. அது இல்லாவிட்டால் யாரையும் எதற்காகவும் உள்ளே போடலாம்.

ஆனா பிரிவு 7-ஐப் படித்தால் அதில் சந்தேகத்துக்கே இடமில்லை. அதில் இரண்டு கிளைகள் இருக்கின்றன. முதல் கிளை: பாலியல் நோக்கத்தோடு குழந்தையின் குறிப்பிட்ட உறுப்புகளைத் தொடுவது, அல்லது குழந்தையைத் தொடவைப்பது. இரண்டாவது கிளை: பாலியல் நோக்கத்தோடு செய்யும், உடல் தொடர்பு உள்ள வேறு எந்தச் செயலும். நடுவில் இருப்பது 'அல்லது'. 'உடல் தொடர்பு' என்ற நிபந்தனை இரண்டாவது கிளைக்கு உரியது. உயர் நீதிமன்றம் அதை முதல் கிளைக்கும் சேர்த்துவிட்டு, மேற்கொண்டு 'தோலோடு தோல்' என்று சட்டத்தில் இல்லாத ஒரு நிபந்தனையையும் வைத்தது. கோட் எழுதுகிறவர்கள் எல்லாருமே இந்தத் தப்பை ஒரு தடவையாவது செய்திருப்போம்.

அன்றைய அட்டர்னி ஜெனரல் கே.கே. வேணுகோபால் ஜனவரி 27-ல் உச்ச நீதிமன்றத்தில் இதை எழுப்பினார், தீர்ப்பு நிறுத்தி வைக்கப்பட்டது. இந்த விளக்கத்தை ஏற்றால் நாளைக்கு ஒருத்தன் கையுறை மாட்டிக்கொண்டு தப்பித்துவிடுவானே என்பது அவர் பின்னால் வைத்த வாதங்களில் ஒன்று. 2021 நவம்பர் 18-ல் நீதிபதிகள் யு.யு. லலித், எஸ். ரவீந்திர பட், பேலா எம். திரிவேதி அடங்கிய அமர்வு தீர்ப்பளித்தது. முக்கியமானது நோக்கம், தோல் இல்லை என்றது. சட்டத்தைக் குறுக்கிப் படித்து அதன் குறிக்கோளையே கொன்றுவிடக் கூடாது என்றது. மூன்று வருஷ தண்டனை திரும்பி வந்தது.

இதோடு நான் 2021-ல் நிறுத்திக்கொண்டேன். தீர்ப்பின் கடைசிப் பகுதியை, யாருக்கு என்ன என்று சொல்லும் பகுதியை, நான் கவனிக்கவே இல்லை. அதில் இருப்பது மூன்று வருஷக் கடுங்காவல், 500 ரூபாய் அபராதம், கட்டாவிட்டால் இன்னும் ஒரு மாதம்.

அபராதம் அரசுக்குப் போகிற பணம். நீதிமன்றம் தனியாக உத்தரவு போட்டால்தான் அதிலிருந்து பாதிக்கப்பட்டவருக்கு ஏதாவது வரும். சிறுமிக்கு என்ன இழப்பீடு என்ற கேள்வி அந்த மேல்முறையீட்டில் எழவில்லை. யாரும் எழுப்பவில்லை. 12 வயதில் பாதிக்கப்பட்டவள், தீர்ப்பு முடியும்போது கிட்டத்தட்ட 17. நாடு முழுக்க அவளுடைய உடையைப் பற்றிப் பேசியிருக்கிறோம்.

சட்டத்தில் இல்லையா?

இருக்கிறது. எனக்கு வியப்பு அங்கேதான்.

போக்சோ பிரிவு 33(8), தண்டனையோடு இழப்பீடும் தர உத்தரவிடச் சிறப்பு நீதிமன்றத்துக்கு அதிகாரம் தருகிறது. எப்படி என்பதை விதிகள் சொல்கின்றன. முதலில் 2012 விதிகளில் 7-வது விதி, இப்போது 2020 விதிகளில் 9-வது விதி. நான்கு விஷயங்களை மட்டும் எடுத்துச் சொல்கிறேன்.

ஒன்று, முதல் தகவல் அறிக்கை பதிவான பிறகு எந்தக் கட்டத்திலும் இடைக்கால இழப்பீடு தரலாம். தீர்ப்பு வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

இரண்டு, குழந்தை தரப்பில் மனு போட்டால்தான் என்றில்லை. நீதிமன்றம் தானாகவே உத்தரவிடலாம்.

மூன்று, இதைக் கவனமாகப் படிக்கணும்: குற்றவாளி விடுதலையானாலும், ஆளையே கண்டுபிடிக்க முடியாவிட்டாலும்கூட, குழந்தைக்குப் பாதிப்பு நடந்திருக்கிறது என்று நீதிமன்றம் கருதினால் இழப்பீடு உண்டு.

நான்கு, பணம் தர வேண்டியது மாநில அரசு. உத்தரவு கையில் கிடைத்த 30 நாளுக்குள்.

எவ்வளவு என்று முடிவு செய்ய விதியில் 12 காரணிகள் இருக்கின்றன. மருத்துவச் செலவு, குற்றம் செய்தவரோடு குழந்தைக்கு இருந்த உறவு, ஒரு தடவை நடந்ததா பல நாள் தொடர்ந்ததா, குடும்பத்தின் பொருளாதார நிலை. அதில் ஒன்று, விசாரணைக்காகவும் வழக்குக்காகவும் பள்ளிக்குப் போகாமல் போன நாட்கள். இந்த விதியை எழுதிய யாரோ ஒருவர், கோர்ட் வாசலில் சீருடையோடு காத்திருக்கும் பிள்ளையை நேரில் பார்த்திருக்க வேண்டும்.

மூன்றாவது விஷயத்தை நாக்பூர் வழக்கோடு வைத்துப் பாருங்கள். உயர் நீதிமன்றத்தின் விளக்கமே சரி என்று ஒரு பேச்சுக்கு ஒத்துக்கொள்வோம். போக்சோ குற்றம் நிரூபணமாகவில்லை, சரி. ஆனால் அவளைக் கூட்டிப் போனதும் அடைத்து வைத்ததும் தொட்டதும் நடந்தவை என்று அந்த நீதிமன்றமே ஏற்றுக்கொண்டது. அப்படியானால் இழப்பீட்டுக் கேள்வி அப்போதும் உயிரோடுதான் இருந்தது. குற்றவாளிக்கு எந்தப் பிரிவு என்பதும், குழந்தைக்கு என்ன நஷ்டம் என்பதும் இரண்டு தனிக் கேள்விகள். சட்டமே அவற்றைப் பிரித்து வைத்திருக்கிறது. நாம்தான் (நானும்தான்) முதல் கேள்விக்கு விடை கிடைத்ததும் இரண்டாவதும் முடிந்துவிட்டதாக நினைத்துக்கொள்கிறோம்.

ஜாமீன் மனுவில் கிடைத்த ஞாபகம்

இது நாக்பூர் வழக்கில் மட்டும் நடந்த விடுபடல் என்றால் விட்டுவிடலாம். 2024 நவம்பர் 4-ல் உச்ச நீதிமன்றத்தில் நீதிபதிகள் பி.வி. நாகரத்னா, பங்கஜ் மித்தல் அமர்வுக்கு இன்னொரு வழக்கு வந்தது. இதுவும் மகாராஷ்டிரம். ஒரு சிறுமிக்கு எதிரான பாலியல் குற்றத்தில் 20 வருஷ தண்டனை பெற்றவர், தண்டனையில் பாதிக்கும் மேல் கழித்துவிட்டார். மேல்முறையீடு முடியும்வரை தண்டனையை நிறுத்தி ஜாமீனில் விடச் சொல்லிக் கேட்டார்.

நீதிமன்றத்துக்கு உதவ நியமிக்கப்பட்ட மூத்த வழக்கறிஞர் சஞ்சய் ஹெக்டே அப்போது ஒன்றைச் சுட்டிக்காட்டினார்: விசாரணை நீதிமன்றம் தண்டனை கொடுத்திருக்கிறது, ஆனால் சிறுமிக்கு இழப்பீடு தர உத்தரவே போடவில்லை. இத்தனை வருஷமாக.

அமர்வு ஜாமீன் கொடுத்தது. கூடவே, பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் உடல்ரீதியான பாதிப்பு உள்ள வழக்குகளில், முக்கியமாகப் பாலியல் வன்முறை வழக்குகளில், செஷன்ஸ் நீதிமன்றங்கள் பாதிக்கப்பட்டவருக்கான இழப்பீட்டுக்கு உத்தரவிட வேண்டும் என்று சொல்லி, உத்தரவின் நகலை எல்லா உயர் நீதிமன்றங்களுக்கும் அனுப்பச் சொன்னது. நல்ல உத்தரவு, குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனா அது வந்த வழியைப் பாருங்க. தண்டனை பெற்றவர் வெளியே வரக் கேட்ட மனுவில்தான் பாதிக்கப்பட்டவளின் ஞாபகம் வந்திருக்கிறது. அவர் கேட்காமல் இருந்திருந்தால் இதுவும் வந்திருக்காது.

ஏன் இப்படி? மேல்முறையீட்டின் அமைப்பே அப்படி. மேல் கோர்ட் பெரும்பாலும் தனக்கு முன்னால் வைக்கப்பட்ட கேள்வியைத்தான் பார்க்கும். குற்றவாளி 'என் தண்டனை தப்பு' என்று வருவார். அரசு 'விடுதலை தப்பு' என்று வரும். 'எனக்கு வர வேண்டியது வரவில்லை' என்று வர வேண்டிய ஆள் ஒரு குழந்தை.

அதற்கும் ஒரு வழி இருக்கிறது. குற்றவியல் நடைமுறைச் சட்டம் பிரிவு 372-ல் 2009 கடைசியில் நடைமுறைக்கு வந்த ஒரு விதிவிலக்கு, பாதிக்கப்பட்டவருக்கு மேல்முறையீட்டு உரிமை தருகிறது. மூன்று சந்தர்ப்பங்களில்: குற்றவாளி விடுதலையானால், சின்னக் குற்றத்துக்கு மட்டும் தண்டிக்கப்பட்டால், போதாத இழப்பீடு விதிக்கப்பட்டால். இப்போதைய பி.என்.எஸ்.எஸ்-ல் இது பிரிவு 413.

போதாத இழப்பீடு. சரி, உத்தரவே போடாவிட்டால்? எங்கள் தொழிலில் பூஜ்யம் வேறு, வெற்றுப்புலம் வேறு. பூஜ்யம் என்றால் யாரோ யோசித்து ஒன்றுமில்லை என்று எழுதியிருக்கிறார். வெற்றுப்புலம் என்றால் யாரும் அந்தப் பக்கமே போகவில்லை. பூஜ்யத்தை எதிர்த்து வாதாடலாம், அதற்கு ஒரு காரணம் எழுதப்பட்டிருக்கும். எழுதப்படாத ஒன்றை எதிர்த்துக் கூலி வேலைக்குப் போகும் ஒரு அம்மா எந்தக் கோர்ட்டில், எந்தக் காகிதத்தை நீட்டுவார்?

கல்கத்தா வழக்கு: வேறொரு பார்வை

மேல் கோர்ட் நினைத்தால் குழந்தையைப் பார்க்க முடியாதா? முடியும். சமீபத்தில் பார்த்தும் இருக்கிறது.

2023 அக்டோபரில் கல்கத்தா உயர் நீதிமன்றம் ஒரு போக்சோ வழக்கில் 20 வருஷ தண்டனையை ரத்து செய்தது. குற்றம் சாட்டப்பட்டவரோடு போனபோது பெண்ணுக்கு 14 வயது, அவருக்கு 25. பிறகு குழந்தையும் பிறந்தது. உயர் நீதிமன்றம் விடுதலையோடு நிறுத்தாமல், வளரிளம் பெண்கள் தங்கள் ஆசையைக் கட்டுப்படுத்த வேண்டும் என்று அறிவுரையும் சொன்னது. உச்ச நீதிமன்றம் தானாகவே இதைக் கையில் எடுத்து, 2024 ஆகஸ்ட் 20-ல் குற்றவாளி என்ற தீர்ப்பை மீட்டது. நீதிபதிகள் அபய் எஸ். ஓகா, உஜ்ஜல் புயான். 14 வயதில் சம்மதம் என்ற பேச்சுக்குச் சட்டத்தில் இடமில்லை. இதுவரை நாக்பூர் கதைதான்.

ஆனா அமர்வு தண்டனையை உடனே அறிவிக்கவில்லை. உளவியலாளர் உள்ளிட்ட ஒரு நிபுணர் குழுவை அந்தப் பெண்ணிடம் அனுப்பியது. அவர்கள் கொண்டுவந்த அறிக்கை சங்கடமானது. நடந்த குற்றத்தைவிட அதற்குப் பின் வந்த போலீஸ், கோர்ட், அலைச்சல்தான் அவளை அதிகம் நொறுக்கியிருந்தது. பெற்ற குடும்பம் கைவிட்டிருந்தது. அந்த ஆளைக் காப்பாற்ற வழக்கு நடத்தியே கடனாளியாகியிருந்தாள்.

2025 மே 23-ல் அரசியல் சட்டப் பிரிவு 142-ஐப் பயன்படுத்தி, குற்றத்தீர்ப்பு நிற்கும், ஆனால் தண்டனை இல்லை என்றது அமர்வு. அந்தப் பெண்ணின் படிப்பு, குழந்தையின் படிப்பு, குடியிருக்க நல்ல இடம் ஆகியவற்றை மேற்கு வங்க அரசு பார்த்துக்கொள்ள வேண்டும், கடனை அடைக்கவும் வழி தேட வேண்டும் என்றது. இதை முன்னுதாரணமாகக் கொள்ளக் கூடாது என்றும் எழுதியது.

தண்டனை இல்லை என்ற பகுதி எனக்கு இன்னும் நெருடுகிறது. 14 வயதுப் பெண் பின்னாளில் அந்த ஆளையே பற்றிக்கொண்டு நிற்கிறாள் என்றால், அவளுக்கு வேறு யாரையும் நாம் மிச்சம் வைக்கவில்லை என்பதும் ஒரு காரணம். ஆனால் இரண்டாம் பகுதியில், அதாவது படிப்பு, வீடு, கடன் என்று எண்ணிப் பார்த்ததில், ஒரு மேல் கோர்ட் கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்டிருக்கிறது.

என் விமர்சனம் இங்கேதான். இப்படி எண்ணிப் பார்க்கப் பிரிவு 142 எதற்கு? அது உச்ச நீதிமன்றத்துக்கு மட்டுமே உள்ள, அபூர்வமாக எடுக்க வேண்டிய ஆயுதம். 9-வது விதியோ ஒவ்வொரு மாவட்டச் சிறப்பு நீதிமன்றத்தின் மேசையிலும் இருக்கிறது. அந்த 12 காரணிகளில் மருத்துவச் செலவும், போன படிப்பும், கர்ப்பமானதும், குடும்பத்தின் வறுமையும் ஏற்கெனவே இருக்கின்றன. சாதாரணமாகச் செய்ய வேண்டியதை அசாதாரண அதிகாரத்தால் செய்துவிட்டு, முன்னுதாரணம் இல்லை என்றும் சொல்லிவிட்டால், அடுத்த பெண்ணுக்கு என்ன வழி?

காசு கேட்டால் கேஸ் கெடும்

இந்தப் பேச்சை எடுத்தாலே ஒரு பதில் வரும். "பணம் கேட்டா, பணத்துக்காகத்தான் கேஸ் போட்டாங்கன்னு எதிர்த்தரப்பு வக்கீல் பிடிச்சுக்குவார்." உண்மைதான், லேசாக ஒதுக்கக் கூடிய பயம் இல்லை. சாட்சிக் கூண்டில் நிற்கும் ஒரு அம்மாவிடம் "எவ்வளவு வாங்கினீங்க?" என்று கேட்பது எவ்வளவு சுலபம்.

ஆனால் அந்தப் பயத்துக்கு மருந்து கேட்காமல் இருப்பது ஆகாது. கேட்க வைக்காமல் இருப்பதுதான் மருந்து. விதி நீதிமன்றத்துக்குத் தானாகச் செய்யும் அதிகாரம் தந்திருக்கிறது. ஒவ்வொரு போக்சோ வழக்கிலும் நீதிபதியே வழக்கமாக அந்தக் கேள்வியை எடுத்துவிட்டால், அந்த அம்மா கேட்டதாகவே ஆகாது. எல்லாருக்கும் நடப்பது அவருக்கும் நடந்தது, அவ்வளவுதான்.

மேல் கோர்ட்டுக்கு நான் வேண்டுவதும் பெரிய சீர்திருத்தம் இல்லை. போக்சோ மேல்முறையீட்டுத் தீர்ப்பு ஒவ்வொன்றிலும், குற்றவாளி உள்ளே போனாலும் வெளியே வந்தாலும், கட்டாயமாக மூன்று வரி வேண்டும். இழப்பீட்டுக்கு உத்தரவு இருந்ததா? எவ்வளவு? பணம் எந்தத் தேதியில் போய்ச் சேர்ந்தது? இல்லை என்றால் இல்லை என்று எழுதட்டும். எழுதும்போதே ஏன் இல்லை என்ற கேள்வி வரும்.

அந்த வாசகருக்கு: நீங்கள் கேட்டதற்கான விடை அந்தத் தீர்ப்பில் இல்லை. 500 ரூபாய் இருக்கிறது, அது அவளுக்கு இல்லை. 2021 பதிவின் தலைப்பில் 'திருத்தியாச்சு' என்று இருந்ததை எடுத்துவிட்டேன். உங்கள் வரியை மேலே போட்டு, இந்தக் கட்டுரைக்கு இணைப்பும் கொடுத்திருக்கிறேன்.

படிக்கிற மற்றவர்களுக்கு ஒன்று. தெரிந்த குடும்பம் ஏதாவது இப்படி ஒரு வழக்கில் இருந்தால், மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகம் இருக்கும். இலவச வக்கீல் உண்டு. தீர்ப்பு வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம், இடைக்கால இழப்பீடு பற்றி இப்போதே கேட்கச் சொல்லுங்கள். விசாரணைக்கு அலைந்து பிள்ளை எத்தனை நாள் பள்ளிக்குப் போகவில்லை என்பதை ஒரு நோட்டில் தேதி போட்டுக் குறித்து வைக்கச் சொல்லுங்கள். அதுவும் கணக்கில் வரும்.